பொட்டு வைத்த கிட்டார்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து கறியை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலை எட்டிப் பார்த்தால், இவர் ஆட்டோவிலிருந்து ஒரு சவப்பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பகீரென்றது. கரண்டியோடு ஓடினேன்.

"கத்தாத வயலட். கிட்டார்."

கிட்டாராம்! இருபது வருடமாகக் கோவில் கொயரில் கிட்டார் வாசிக்கிற மனுசனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். கிட்டார் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பெட்டியைத் திறந்த பிறகும் நம்ப முடியவில்லை. இடுப்பு மட்டும் ஒடுங்கி, கீழே வயிறு அகன்று பரந்து, கட்டிலில் படுக்கவைத்தால் எனக்கு இடமில்லை. இந்த வகைக்கே ஜம்போ என்று பெயராம். அமெரிக்காவில் செய்ததாம். நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே கப்பலில் வந்ததாம். தலையில் இருந்த கம்பெனிப் பெயர் மேல் யாரோ கறுப்புப் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். உள்ளே ஒட்டியிருந்த சீட்டையும் கரப்பான் தின்றுவிட்டது.

கொடுத்தவர் டெரிக் அங்கிள். போத்தனூரில் மிச்சமிருக்கிற ஆங்கிலோ இந்தியர்களில் ஒருவர். பெர்த்தில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போகிறார். வீட்டுச் சாமானை எல்லாருக்கும் பங்கு போட்டவர், இதை மட்டும் "எபனேசருக்கு" என்று தனியாக எடுத்து வைத்திருந்தாராம்.

இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் கிர்ரென்று அதிர்ந்தன. இவர் சிரித்தார். "கேட்டியா? வெறும் மரம் இது. கரண்ட் கிரண்ட் எதுவும் கெடையாது. கம்பி இரும்பு, வயிறு பெருசு, அவ்வளவுதான்" என்றார்.

இவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாளாயிற்று! கறி அடிப்பிடித்துவிட்டது. பிடிக்கட்டும்.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. மருந்துக் கடையில் ஸ்டாக் எடுக்கும் நாள். நாள் முழுக்க நின்றே பில் போட்டதில் கால் வீங்கிவிட்டது.

எழுத ஆரம்பித்த பிறகு இதையும் எழுதிவிடுகிறேன். இவர் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறார். ஜூன் மாதம் எட்டிமடைப் பக்கம் இவர் வண்டி முன்னால் ஒரு ஆள் வந்துவிட்டார். ஆள் பிழைக்கவில்லை. இவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று விசாரணையில் எழுதியாயிற்று. அன்றிலிருந்து இவர் லீவு. இஞ்சின் ஷெட் பக்கம் போவதில்லை, ஸ்டேஷன் தெருவில் நடப்பதுகூட இல்லை. பேச்சும் நின்றுவிட்டது. "காபி", "சரி", "பார்க்கலாம்", இவ்வளவுதான்.

நான் அதைப் பற்றிக் கேட்பதில்லை. டாக்டர் தொந்தரவு பண்ணக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அக்டோபர் நடுவில் மெடிக்கல் டெஸ்ட் இருக்கிறது. தேறினால் திரும்ப வண்டி. இல்லாவிட்டால் ஏதாவது ஆபீஸில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். ஓட்டியே பழகினவரை நாற்காலியில் உட்காரவைத்தால் என்ன ஆவார்?

அதனால் இந்தப் பூதம் பாதி அறையை அடைத்துக்கொண்டு நிற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நிற்கட்டும்.


ஆகஸ்ட் 10, சனி

கிட்டாரைத் துடைக்கும்போது ஒன்று பார்த்தேன். வயிற்றின் மேல்பக்கம், ஓட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை. வெளுத்த மஞ்சள் வட்டம், நடுவில் ரோஸ் நிறம். வார்னிஷுக்கு உள்ளேயே ஊறிப்போயிருக்கிறது. ஈரத்துணிக்குப் போகவில்லை.

காபிக் கறையென்றால் வட்டத்தின் ஓரம்தான் அடர்ந்திருக்கும். இது நடுவில் அடர்ந்திருக்கிறது. இங்க்கும் இல்லை. டெரிக் அங்கிள் வீட்டில் தெரியாமல் பட்ட கறையென்றால் இவ்வளவு நடுநாயகமாகவா பட்டிருக்கும்? யாரோ பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி இருக்கிறது. எனக்கு மண்டை குடைகிறது.

இவரிடம் காட்டினேன். "ம்" என்றார்.


ஆகஸ்ட் 18, ஞாயிறு

கிட்டார் முதல்முறை கோவிலுக்குப் போனது. கொயர் பிள்ளைகளெல்லாம் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். பாஸ்டரம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். பார்த்தது சரி, கண் நேராகப் போய் அந்தக் கறையில் விழுந்தது.

"இது பொட்டாட்டம் இருக்கே வயலட்! சந்தனம், குங்குமம். அறுப்பின் பண்டிகைக்கு வாசிக்கணும்னா இதச் சுத்தமா அழிச்சிட்டுக் கொண்டு வாங்க. ஒரு ஜெபமும் பண்ணிரலாம்."

எனக்கு எரிச்சல் வந்தாலும் வீட்டுக்கு வந்ததும் சோடா உப்பைக் குழைத்துத் துணியில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர்வாய் எதற்கு? துணி கறை மேல் படுவதற்குள் இவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தொடாத."

"பாஸ்டரம்மா சொன்னாங்கல்ல?"

"அவங்க சொல்லட்டும். இது ஆயுத பூசைப் பொட்டு. வருசா வருசம் ஒரே எடத்துல வெச்சு வெச்சு ஊறியிருக்கு. எங்க ஷெட்ல இஞ்சினுக்கு வைக்கறதில்லயா? வாழமரம் கட்டி, சந்தனம் பூசி? நானும்தான் வைப்பேன். நமக்குச் சோறு போடற சாமானுக்கு வைக்கறது. அதுல என்ன அசுத்தம்?"

இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் இஞ்சினுக்கு இவர் பொட்டு வைப்பார் என்று இன்றுதான் எனக்குத் தெரியும்! பாஸ்டரம்மாவிடம் நான் சொல்லப்போவதில்லை. சோடா உப்பை பாத்ரூமில் கொட்டிவிட்டேன்.

அப்படியானால் இந்தக் கிட்டார் யாருக்கோ சோறு போட்டிருக்கிறது. ஆயுத பூஜை கும்பிடுகிற வீட்டில் அமெரிக்கக் கிட்டாருக்கு என்ன வேலை?


ஆகஸ்ட் 19, திங்கள்

டெரிக் அங்கிளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.


ஆகஸ்ட் 20, செவ்வாய்

எடுக்கவில்லை.


ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று ஒரு பெரிய கண்டுபிடிப்பு. நானே கண்டுபிடித்தது, இவருக்கு இதில் பங்கில்லை.

இவர் வாசித்து முடித்து, பீரோவுக்கு எதிரே கிட்டாரைச் சுவரில் நிமிர்த்திச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் துணி மடித்துக்கொண்டே பீரோக் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியில் கிட்டார் வெகு பாந்தமாக இருந்தது. நேரில் பார்த்தால் ஏதோ உறுத்துகிறது. திரும்பத் திரும்ப இரண்டையும் பார்த்தேன். பிறகுதான் பொறி தட்டியது. மீட்டுகிற கை உரசி உரசி விழுந்த கீறல்களெல்லாம் இவர் கை போகாத பக்கத்தில் இருக்கின்றன! ஓட்டைக்கு வலப்பக்கம் இருக்கவேண்டிய கீறல் இடப்பக்கம் இருக்கிறது. கண்ணாடியில் மட்டும் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் தெரிகிறது.

"ஏங்க, இத வாசிச்ச ஆளு இடது கைக்காரர்!"

இவர் கிட்டாரை மடியில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "அதனாலதான் மேல்சுரம் போகப் போக சுருதி சேரமாட்டேங்குது" என்றார்.

முதலிலிருந்தே இவர் முணுமுணுத்துக்கொண்டிருந்த விஷயம் அது. தலைப்பக்கம் வாசித்தால் தேன். கையை வயிற்றுப்பக்கம் இறக்கினால் அழுமூஞ்சி. கம்பி மாற்றினார், முறுக்காணிக்கு எண்ணெய் விட்டார், ஒன்றும் நடக்கவில்லை. கம்பிகள் ஏறி நிற்கிற அந்த எலும்புத் துண்டைச் சாய்த்துத்தான் பதிப்பார்களாம். இதில் எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வெட்டியிருக்கிறார்கள். இடது கைக்காரர் கம்பிகளை வரிசை மாற்றிப் பூட்டுவார், சாய்வும் மாறவேண்டும். பின்னால் வந்தவர்கள் கம்பியை மட்டும் திரும்ப மாற்றிவிட்டு சாய்வை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"டவுன்ஹால்ல ஒருத்தர் இருக்காரு. பழைய வெட்ட அடைச்சிட்டு வேற வெட்டித் தருவாரு" என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம். எவ்வளவு நாளாயிற்று இவர் இப்படி ஒரு வேலையை மனதில் வைத்துப் பேசி! எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.


செப்டம்பர் 1, ஞாயிறு

டெரிக் அங்கிளுக்குக் கோவிலில் வழியனுப்பு. கேக் வெட்டினார்கள், ஆளாளுக்கு அழுதார்கள். நானும் அழுதுவிட்டு அங்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அங்கிள், அந்தக் கிட்டார யார்கிட்ட வாங்குனீங்க?"

"உடுமல்பேட் மேன். சுந்தரம். சாரல் மெல்லிசைக் குழுன்னு பார்ட்டி வெச்சிருந்தான். எய்ட்டி நைன்னு நெனைக்கிறேன். பார்ட்டிய மூடிட்டு எல்லாத்தையும் தள்ளிவிட்டான். எனக்கு இந்தப் பெரிய லேடி கெடைச்சா!"

"வாசிச்சது அவரா?"

"நோ, நோ. அவன் பாடுவான், மோசமா. வாசிச்சது அவன் தங்கச்சி. லெஃப்ட் ஹேண்டர். ஒரு கோவில் திருவிழாவுல கேட்டிருக்கேன் வயலட். மை காட்! பாவாட தாவணி போட்ட பொண்ணு, அவ பின்னாடி கிட்டார் இருக்கா, கிட்டாருக்குப் பின்னாடி அவ இருக்காளான்னே தெரியல. ஆனா அந்த ரைட் ஹேண்ட்... சாரி, லெஃப்ட் ஹேண்ட்!"

"பேரு?"

நெற்றியைத் தேய்த்தார். "பச்சைக் கல்லு பேரு. எமரால்ட்."

மரகதம்!

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொல்லத் தோன்றவில்லை. இவர் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் கிட்டாருக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று இப்போது எதற்கு?


செப்டம்பர் 8, ஞாயிறு

மகள் ஷைனி சென்னையிலிருந்து பேசினாள். கிட்டார்க் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, கிட்டாரோட ஜாதகத்தையே எடுத்துட்ட. அப்பாகிட்ட பேசினியா?" என்றாள்.

"டாக்டர் கேக்கக்கூடாதுன்னாருடி."

"நானும் ஸ்பீக்கர்ல இருந்தேம்மா. அவசரப்படுத்தாதீங்கன்னுதான் சொன்னாரு. கேக்காதீங்கன்னு எப்பச் சொன்னாரு?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.


செப்டம்பர் 22, ஞாயிறு

கடையில் கூட வேலை பார்க்கும் பெண்ணின் அக்காவுக்கு வளைகாப்பு என்று இவரிடம் பொய் சொல்லிவிட்டு உடுமலைக்குப் பஸ் ஏறினேன். கோவிலுக்கும் மட்டம். கர்த்தர் மன்னிக்கட்டும்.

சுந்தரம் இறந்து ரொம்ப நாளாகிவிட்டதாம். சாரல் மெல்லிசை என்று கேட்டதும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரரே, "மரகதக்கா டெய்லர் கடைங்களா? குட்டைத் திடலுக்கு எதிர்ல" என்று கைகாட்டிவிட்டார். இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுவார் என்று நினைக்கவில்லை. கிடைக்கவேண்டாம் என்றுகூட நினைத்தேனோ என்னவோ.

சின்னக் கடை. இரண்டு மெஷின். அறுபது தாண்டிய, ஒல்லியான அம்மா. இடது கையால் கத்தரி பிடித்துச் சரசரவென்று துணி வெட்டிக்கொண்டிருந்தார். நான் விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை.

செல்போனில் கிட்டார்ப் படத்தைக் காட்டினேன். கத்தரியைக் கீழே வைத்தார். படத்தைப் பெரிசாக்கத் தெரியாமல் விரலால் தடவினார். நான் பெரிசாக்கிக் காட்டினேன்.

"பொட்டு இருக்குதுங்களே!" என்றார். "எங்கய்யன் வெச்சதுங்க."

அப்பாவை அய்யன் என்றுதான் சொல்கிறார். அவர் பெயர் ஆறுமுகம். வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் லாரி டிரைவர். எஸ்டேட் மேனேஜராக இருந்த கடைசி வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்களுக்கு நாற்காலி, பீங்கான் எல்லாம் கொடுத்தாராம். ஆறுமுகத்துக்கு இந்தக் கிட்டார்.

"ஏன்னா, சாமான் ஏத்தறப்பப் பொட்டியத் தொறந்து ரெண்டு தட்டுத் தட்டுனனுங்க நானு. சின்னப் புள்ள. எங்கய்யனுக்கு உசுரே போச்சு, தொர அடிப்பாருன்னு. அந்தாளு சிரிச்சுப்போட்டு, வெச்சுக்கோன்னுட்டாரு. நான் அதத் தலகீழாப் புடிச்சிருந்தேன்னு சிரிச்சாரு போல. எனக்கு எடது கைதானுங்களே வரும்."

எஸ்டேட்டில் தேயிலைப் பெட்டி அடிக்கும் ஆசாரியைப் பிடித்து எலும்புத் துண்டை மாற்றி வெட்ட வைத்ததும் அப்பாதான். ஆயுத பூஜைக்கு லாரிச் சாவி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் வரிசையாக வைத்து, கடைசியில் கிட்டாரைச் சுவரில் சாத்தி, கட்டைவிரலால் பொட்டு வைப்பாராம். அண்ணன் மெல்லிசைக் குழு ஆரம்பித்ததும் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டுக் குழுவின் வேனை ஓட்டினார். குடும்பமே ஒரு வேனில், திருவிழா திருவிழாவாக.

"அப்பறம் ஏங்க வித்தீங்க?" என்றேன். என் வாய் சும்மா இருக்குமா?

மரகதம் மெஷினில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். தாராபுரத்தில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில், விடியும் நேரம், பால்காரர் ஒருவர் சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டார். அய்யன் மேல் தப்பில்லை என்று கோர்ட்டே சொன்னது. ஆனால் அவர் அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பேசவும் இல்லை. அந்த வருடம் பொட்டும் வைக்கவில்லை. குழு கலைந்தது. கிட்டாரைப் பார்த்தால் வேன் ஞாபகம் வருகிறது என்று அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

"நானும் சரின்னுட்டனுங்க. கிட்டார் போனதுக்குக்கூட ஆறிப்போச்சு. எங்கய்யன் அதுக்கப்பறம் ரொம்ப வருசம் இருந்தாருங்க. அன்னிக்கு என்ன பாத்தீங்க, மனசுல என்ன வெச்சிருக்கீங்கன்னு நாங்க ஒரு நாளும் கேக்கல. கேட்டா நோவும்னு உட்டுட்டோம். அவரும் சொல்லல. அப்புடியே போயிட்டாரு. கேட்டிருக்கோணும்."

பிறகு என்னைப் பார்த்து, "இப்ப ஆருங்க வாசிக்கறாங்க?" என்றார்.

எங்க வீட்டுக்காரர் என்றேன். என்ன வேலை என்றார். சொன்னேன். ஜூனில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். யாரென்றே தெரியாத ஒரு டெய்லர் கடையில் உட்கார்ந்து.

"நீங்க அவருகிட்டக் கேட்டீங்களா கண்ணு?" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். உண்மையில் பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது.


செப்டம்பர் 23, திங்கள்

வளைகாப்பு எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது, ஏழு வகைச் சாதம் என்றேன்.


அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, கடை லீவு. இவர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் போய்வந்தார். ரிப்பேர்காரர் பழைய வெட்டை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டு வலது கைக்குச் சாய்த்து வெட்டித் தருவதாகச் சொல்லிவிட்டாராம். பூஜை லீவு முடிந்ததும் கொண்டு வரச் சொன்னாராம். அப்படியே மேல்பக்கத்தைத் தேய்த்துப் புது வார்னிஷும் அடித்துவிடலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். கறையெல்லாம் போய்விடும்.

"வார்னிஷ் வேண்டான்னுட்டேன். வெட்ட மட்டும் மாத்தினாப் போதும்" என்றார் இவர்.

தேயிலைப் பெட்டி ஆசாரி வெட்டிய வெட்டு. இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.


அக்டோபர் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சொன்னால் கிட்டார் போய்விடும். கிட்டார் போனால் இவர் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். இரண்டு வாரமாக இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் டவுன்ஹாலில் அந்த வெட்டை அடைத்துவிட்டு வந்து இவர் சந்தோஷமாக வாசிக்க, நான் எல்லாம் தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதா? அது என்னால் ஆகாது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வளைகாப்பு பொய் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். வெள்ளைக்காரர், லாரி, பொட்டு, ஆசாரி என்று வரும்போது சிறுபிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். "கட்டைவெரல்னு நான் சொல்லல?" என்று நடுவில் ஒரு பெருமை வேறு. (இவர் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன்.)

தாராபுரம் ரோடு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"பால்காரர் என்ன ஆனாரு?"

"இறந்துட்டாராம்."

தண்ணீர் எடுத்துக் குடித்தார். டம்ளரைக் கழுவினார். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியவில்லை. "என்னங்க, அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். ஜூனிலிருந்து கேட்காமல் வைத்திருந்த வார்த்தை.

"நான் கொஞ்சம் படுக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். எனக்கு மரகதத்தின் மேல் கோபம் கோபமாக வருகிறது.


அக்டோபர் 7, திங்கள்

"காபி." "சரி." கிட்டாரைத் தொடவில்லை. கெடுத்துவிட்டேன்.


அக்டோபர் 9, புதன்

சாயங்காலம் வேலை விட்டு வந்தால் இவர் கட்டிலில் கிட்டாரைக் கிடத்தி எல்லாக் கம்பிகளையும் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஐயோ, என்ன செய்கிறாரென்று பதறிப்போய் நின்றேன். தடித்த கம்பியை எடுத்து, மெல்லிய கம்பி இருந்த இடத்தில் பூட்டினார். வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறார். இடது கைக்கு.

"வெள்ளிக்கிழம உடுமலைக்குப் போலாம்" என்றார், தலையைத் தூக்காமல்.

"பஸ்லயா?"

"இந்தச் சைசுக்கு பஸ்ல எவன் ஏத்துவான்? ட்ரெயின்லதான்."


அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பொது இடத்தில் கை பிடிக்கிற மனுசன் இல்லை இவர். இஞ்சின் எங்கள் பெட்டிக்கு ரொம்ப முன்னால் நின்றது. வாழைக்கன்று கட்டி மாலை போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பார்த்தார், பார்வையை எடுத்தார், திரும்பப் பார்த்தார். ஏறிவிட்டோம். கிணத்துக்கடவு வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தார். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் பெட்டி மேல் இருந்த விரல்கள் இறுகின.

மரகதம் கடையைக் கழுவி, மெஷினுக்கும் கத்தரிக்கும் பொட்டு வைத்து, பொரியும் கடலையும் பரப்பி வைத்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க தம்பி" என்றார். பெட்டியைத் திறந்ததும் மரகதம் கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒல்லி உடம்புக்கு அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

முதலில் விரல் வரவில்லை. "தையல் விரலாப் போச்சுங்க" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் தடவித் தடவித் தேடியபின் ஒரு மெட்டு வந்தது. கையை வயிற்றுப்பக்கம் இறக்கி வாசித்தார். எங்கள் வீட்டில் அழுதுகொண்டிருந்த அதே இடம், சுருதி சுத்தமாகச் சேர்ந்தது. இவர் "ஆ!" என்றார் சத்தமாகவே.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. நான் வாங்கிட்டுப் போக வரல."

"ஏனுங் தம்பி, நீங்க ஆசையா வாசிச்சிட்டு இருந்தீங்களாமா."

"வாசிச்சேன். ஆனா அது என் கைக்கு வெட்டுனதில்ல."

மரகதம் கிட்டாரை மெஷின் மேல் சாத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எங்கய்யன் இருந்தா இன்னிக்குப் பொட்டு வெச்சிருப்பாரு. கடசி வரைக்கும் ஒரு வார்த்த பேசாமப் போயிட்டாரு பாருங்க. எங்க மேல கோவமோ என்னமோ."

"கோவம் இல்லக்கா" என்றார் இவர்.

பிறகு பேச ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை. மரகதத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஹாரன அடிச்சிட்டேதான்க்கா இருப்போம். கேக்கும், நகந்துருவாங்கன்னு நெனைப்போம். பிரேக்கப் போட்டா வண்டி நிக்காது. போய்ட்டேதான் இருக்கும். அவ்வளவு லோடு. அந்த நேரத்துல நாம பண்றதுக்கு ஒண்ணுமே இல்ல. கை சும்மா இருக்கும். பாத்துட்டுத்தான் இருக்கணும். அந்த ஆளு கடைசியாத் திரும்பி என்னப் பாத்தாரு. மொறைக்கல, பயப்படல, யாரோ கூப்பிட்ட மாதிரி பாத்தாரு. எறங்கிப் போய்ப் பாத்தேன். டிபன் பாக்ஸு ஒண்ணு நசுங்காமக் கெடந்துச்சு. அப்பறம் மேல ஏறி அதே வண்டிய வாளையார் வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன்க்கா. ஓட்டித்தான் ஆகணும். பின்னாடி வேற வண்டி வருதுல்ல? வீட்டுக்குப் போய், சோறு போட்டு வெச்சிருக்கிறவகிட்ட இத எந்த எடத்துல ஆரம்பிச்சுச் சொல்றது? சொன்னா அவளும் தெனமும் அந்த மூஞ்சியப் பாப்பா. அதான் உங்கப்பா சொல்லல. உங்க மேல கோவம் இல்ல. உங்களுக்கும் அந்த மூஞ்சியக் குடுத்துரக்கூடாதுன்னுதான்."

மரகதம் அழுதுகொண்டே கேட்டார். நானும் அழுதேன். அழுகையோடு ஒரு பொறாமையும், மறைப்பானேன். நான் கேட்டபோது படுக்கப் போனவர், இங்கே வந்து இப்படிக் கொட்டுகிறார். ஆனால் இவர் "அவ" என்றது என்னைத்தான். எனக்காகத்தான் வாயைக் கட்டியிருந்திருக்கிறார். நான் இவருக்காக வாயைக் கட்டியிருந்தேன். நல்ல ஜோடி!

"குடுத்திருக்கலாங்க" என்றார் மரகதம் மெதுவாக. "நாங்க நாலு பேரு இருந்தோம். ஆளுக்குக் கொஞ்சம் வெச்சிருப்போம்."

அப்போதுதான் இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றுவிட்டார் மரகதம். திரும்பி வரும்போது ரயிலில் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். வாய் திறந்திருந்தது. எதிர் சீட்டுப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.


அக்டோபர் 13, ஞாயிறு

அறை விசாலமாக இருக்கிறது. பிடிக்கவில்லை.

சாப்பிடும்போது இவர் தானாகவே இன்னும் கொஞ்சம் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் என்னால் கேட்க முடியவில்லை, போதும் என்றேன். சரி என்று நிறுத்திவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். பிறகு நானே, "அப்பறம்?" என்றேன்.


அக்டோபர் 16, புதன்

மெடிக்கல் டெஸ்ட். சீக்கிரமே எழுந்து குளித்து, யூனிபாரம் சட்டையை அவரே தேய்த்துக்கொண்டார். தேறுவாரா என்று தெரியாது. தேறினாலும் முதல் நாள் எட்டிமடை தாண்டும்போது என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முன்பானால் "கர்த்தர் பாத்துக்குவாரு, தைரியமாப் போங்க" என்று சொல்லி டிபன் பாக்ஸைக் கையில் திணித்திருப்பேன். இன்று கேட் வரை கூடவே போனேன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இருக்கு" என்றார்.